ரித்விக் தூக்கிய மோட்டார்

மாசாணியம்மாள் செல்போனைப் பிடுங்கியபோது பொற்கொடியின் வாய் நிறையத் தக்காளிச் சாதம் இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. அதற்குள் மாசாணியம்மாள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"'பூஜிதா தன் துப்பட்டாவின் நுனியால் ரித்விக்கின் நெற்றியை ஒற்றினாள். அந்த நொடியில் தென்னந்தோப்பு முழுக்கக் காற்று நின்றுபோனது.' அட சாமி! காத்தே நின்னுபோச்சாமா! ஏனம்மணி, நாப்பத்திமூணு வயசுல இதுதான் உன்ற படிப்பா?"

சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். லேத்து ஓட்டும் ரூபன், "துப்பட்டா என்ன கலருங்க்கா?" என்று கேட்டார். பொற்கொடிக்குக் காது மடல் சுட்டது.

கணபதி என்ற பகுதியில் சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பட்டறையில், புகைந்துபோன போர்வெல் மோட்டார்களுக்குப் புது வைண்டிங், அதாவது புதுக் கம்பிச் சுற்று, போடுவார்கள். தண்ணீருக்குள் மூழ்கிக் கிடந்து ஓடும் மோட்டார் என்பதால் அது ஒல்லியாக, ஒரு ஆள் இடுப்பு உயரத்துக்கு நீண்டிருக்கும். அதன் வெளிக்கூடு ஓர் இரும்புக் குழாய். குழாயின் உட்சுவரில் நீளவாக்கில் வரிசையாகக் காடிகள் வெட்டியிருப்பார்கள். ஸ்லாட் என்று பெயர். பிளாஸ்டிக் உறை போட்ட செம்புக் கம்பியை அந்த ஸ்லாட்டுக்குள் இந்த முனையில் விட்டு அந்த முனையில் எடுக்கவேண்டும். பிறகு அங்கிருந்து வேறொரு ஸ்லாட் வழியாகத் திருப்பி அனுப்பவேண்டும். உறையில் நகம் பட்டுச் சின்னக் கீறல் விழுந்தாலும் மோட்டார் தண்ணீருக்குள் போனதும் புகைந்துவிடும். ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. குழாயின் ஒரு முனையில் பொற்கொடி, மறுமுனையில் மாசாணியம்மாள். பதினோரு வருடங்களாக இருவரும் நாள் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்து கம்பியை அனுப்பியும் வாங்கியும் வருகிறார்கள். பொற்கொடியின் புருசன் மருதாசலம் அவளிடம் பேசியதைவிட மாசாணியம்மாள் பேசியது பல மடங்கு இருக்கும்.

ஆனாலும் கதை படிக்கிற விஷயத்தைப் பொற்கொடி அவளிடம்கூடச் சொன்னதில்லை. காலையில் கோவில்பாளையத்தில் பஸ் ஏறினால் கணபதி வரும்வரை படிப்பாள். சாயங்காலம் திரும்பும்போது அதையே இன்னொரு தடவை. ஒரு செயலியில் இலவசமாகக் கிடைக்கும் தொடர்கதைகள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். படிக்கிறவர்களும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். கதைகள் எப்படி ஓடும் என்பது அவளுக்கு அத்துப்படி. முதல் மூன்று பகுதிகளில் பையனும் பொண்ணும் சண்டை போடுவார்கள். ஏழாவதில் மழை வரும், குடை ஒன்றுதான் இருக்கும். பதினைந்தில் யாருக்காவது காய்ச்சல். இருபதுக்குப் பக்கத்தில் ஒரு தப்பபிப்பிராயம், இரண்டே பகுதியில் அது தெளிந்துவிடும். யாரும் சாகமாட்டார்கள். யாருடைய அப்பாவும் அரிவாள் எடுக்கமாட்டார். வைண்டிங் படத்தைப் பார்த்து எந்தக் கம்பி எந்த ஸ்லாட்டில் ஏறும் என்று தெரிந்துகொண்டுதான் அவள் வேலையே செய்கிறாள். அதனால் மோட்டார் முதல் தடவை ஓடும்போது வருகிற சந்தோஷம் குறைந்தா போகிறது? குடை வரப்போகிறது என்று தெரிந்திருந்தும், குடை வந்ததும் அவள் அந்த வரியை இன்னொரு தடவை படிப்பாள். பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொள்வாள்.

அவற்றில் 'பூஜிதாவுக்கு ஜன்னல் சீட்' அவளுக்கு உயிர். ஹாரிகா என்ற பொண்ணு எழுதியது. செவ்வாய்க்கிழமை தோறும் ஒரு பகுதி வரும். இருபத்திரண்டாம் பகுதியில் கிணத்துக்கடவுப் பக்கம் பூஜிதா வீட்டுத் தோப்பில் போர் மோட்டார் நின்றுபோகிறது. ரித்விக் ஒற்றை ஆளாக, ஒற்றைக் கையால் மோட்டாரை மேலே தூக்கி, ஒரு ஸ்பேனரை வைத்துத் திறந்து, உள்ளே இரண்டு ஒயரை முறுக்கிவிட, தண்ணீர் கொட்டுகிறது. அப்புறம்தான் துப்பட்டா. அன்று காலை பஸ்ஸில் அதைப் படித்தபோது பொற்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. மோட்டாரை அப்படித் தூக்கமுடியாது என்று அவள் கைக்குத் தெரியும். ஆனால் அது அப்போது நினைவுக்கே வரவில்லை. வியர்த்து நிற்கிறவனின் நெற்றியை ஒருத்தி துடைக்கிறாள். அவனும் அசையாமல் நிற்கிறான். இருபத்துநாலு வருடக் குடித்தனத்தில் தனக்கு ஏன் அது ஒருநாளும் தோன்றவில்லை என்று அவள் யோசித்துக்கொண்டே நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கினாள்.

இப்போது ஐந்து பேர் சிரிக்கிறார்கள். பொற்கொடி சாதத்தை விழுங்கினாள்.

"அட, நீங்க வேறக்கா. எவ்ளோ தப்புத்தப்பா எழுதி வெச்சிருக்குதுன்னு பாத்துச் சிரிக்கறக்குத்தான் நான் படிக்கறதே. மோட்டார ஒத்தக் கையில தூக்கறானாமா!"

வாயிலிருந்து அது சுலபமாக வந்துவிட்டது. சிரிப்பு உடனே திசை மாறியது.

"ஒத்தக் கையிலயா? எங்க காட்டு!" என்று செல்போனைத் திருப்பி நீட்டினாள் மாசாணியம்மாள். "அப்ப அந்தப் புள்ளைக்கு எழுதிப்போடு. நாலு விசயம் தெரிஞ்சுக்கட்டும்."

பொற்கொடி எழுதினாள். சுற்றி எல்லோரும் எட்டிப் பார்க்க, சாப்பாட்டு நேரம் முடியும்வரை கருத்துப் பெட்டியில் எழுதினாள். ஐநூறு அடி ஆழத்தில் மோட்டார் சும்மா கிடப்பதில்லை, பைப்பில் தொங்குகிறது. பைப், அதற்குள் நிற்கும் தண்ணீர், கேபிள், எல்லாம் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல் வரும். மூன்று இரும்புக் கால் நட்டு, செயின் பிளாக் என்கிற சங்கிலிக் கப்பியை மாட்டி, நாலு ஆள் நின்று, ஒவ்வொரு பைப்பாகக் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கழற்றிக் கழற்றித்தான் எடுக்கவேண்டும். எடுத்தாலும் தோப்பிலேயே வைத்துத் திறக்கமுடியாது. உள்ளே முறுக்குகிற மாதிரி இரண்டு ஒயரும் கிடையாது. கடைசி வரியை மாசாணியம்மாள் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'ரித்விக் தம்பியை எங்க பட்டறைக்கு அனுப்பி வையுங்க, செயின் பிளாக்கைக் கழட்டி மூலையில போட்டுடறோம்.'

இரண்டே நாளில் அந்தக் கருத்துக்கு ஆயிரத்துக்கு மேல் விருப்பக்குறி விழுந்தது. யார் யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மாசாணியம்மாளின் தம்பி வீட்டுக் குரூப்பில்கூட வந்ததாம். "ஊரே உன்னைப் படிக்குது அம்மணி" என்று அவள் பெருமையாகச் சொன்னபோது பொற்கொடியும் சிரித்தாள். சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துப்பட்டாவைப் பற்றித்தான் அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அடுத்த செவ்வாய் கதை வரவில்லை. அதற்கடுத்த செவ்வாய் கதையே இல்லை. 'எழுத்தாளர் இந்தத் தொடரை நீக்கிவிட்டார்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. இருபத்திரண்டு பகுதிகளும் போய்விட்டன. பொற்கொடி ஒருதரம் மூடித் திறந்து பார்த்தாள். நெட் இல்லாமல் இருக்கும் என்று, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கி, பட்டறை வாசலில் நின்று மறுபடியும் பார்த்தாள்.

அன்று மூன்று தரம் கம்பியைத் தப்பான ஸ்லாட்டில் விட்டாள். "என்னாச்சு, தூங்கறியா?" என்று எதிர்முனையிலிருந்து சத்தம் வந்தது. "ஒண்ணுமில்லீங்க்கா" என்றாள்.

செயலியில் எழுதுகிறவருக்குத் தனியாகச் செய்தி அனுப்ப வழி இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டே, 'மன்னிச்சுக்கோ கண்ணு, நான்தான் அந்த மோட்டார் கமெண்ட் போட்டவ' என்று அனுப்பினாள். மறுநாள் பதில் வந்திருந்தது.

'பரவால்லீங்க ஆன்ட்டி. நீங்க சொன்னது எல்லாம் கரெக்ட்தானுங்க. எங்களுக்கு சத்தியமங்கலம், எங்க தோட்டத்துலயே போர் இருக்குது. ஆனா மோட்டார் எடுக்கற அன்னிக்கு ஆளுங்க வராங்கன்னு என்னை ஊட்டுக்குள்ள போகச் சொல்லிருவாங்க. நான் பாத்ததே இல்லீங்க. அதான் தெரியாம எழுதிட்டேன். கதை எழுதறது ஊட்ல யாருக்கும் தெரியாதுங்க. உங்க கமெண்ட் மாமா குரூப்ல வந்து, கதையத் தேடிப் படிச்சு, நான்தான்னு கண்டுபுடிச்சுட்டாங்க. இப்ப என் பேரே ரித்விக்னு ஆயிப்போச்சு. சிரிச்சுட்டேதான் சொல்றாங்க. இனி எழுதலீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? நீங்க வாரா வாரம் மொத ஆளா படிப்பீங்க. உங்க பேரு எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. சிரிக்கறக்குத்தான் படிச்சீங்களா?'

பொற்கொடி அதற்கு உடனே பதில் எழுதத் தொடங்கினாள். மோட்டார் எடுப்பதைப் பார்க்காதவளுக்கு அது எப்படி நடக்கும் என்று விளக்கினாள். மூன்று காலின் உச்சியில் செயின் பிளாக் ஏன் மாட்டுகிறோம், சின்னச் சங்கிலியைப் பத்து முழம் இழுத்தால் பெரிய கொக்கி ஒரு சாண் ஏறுவது எப்படி, கிளாம்ப் நழுவினால் என்ன ஆகும். எழுத எழுதச் சந்தோஷமாக இருந்தது. அனுப்பியும் விட்டாள். மறுநாள் பட்டறையில் பிரித்துப் போட்டிருந்த ஒரு மோட்டாரைப் படம் எடுத்து, எது எது என்ன என்று அம்புக்குறி போட்டு அனுப்பினாள். 'தேங்க்ஸ் ஆன்ட்டி' என்று வந்தது. அவ்வளவுதான். மேலே அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

அந்தப் பொண்ணு கேட்டது மோட்டாரைப் பற்றி அல்ல என்பது பொற்கொடிக்கு முதல் நாளே தெரியும். 'இல்லை கண்ணு, எனக்கு ரொம்பப் பிடிக்கும்' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? எழுதிப் பார்த்தாள். தாழ் போட்ட அறைக்குள் நின்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. சிரித்தது ஊர் அறிய, இது மட்டும் காதோடு காதாகவா? இதை அந்தப் பொண்ணு நம்பத்தான் செய்யுமா? அழித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் தூக்குப் போசியைத் திறந்ததும் பொற்கொடி செல்போனை எடுத்தாள். குரலைப் பதிவு செய்யும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள்.

"கண்ணு ஹாரிகா, நான் பொற்கொடி பேசறன். பட்டறையில இருந்துதான் பேசறன், எல்லாரும் பக்கத்துல இருக்கறாங்க. நான் சிரிக்கறக்குப் படிக்கல. பொய் சொல்லிப்போட்டேன் கண்ணு. இவங்க கிண்டல் பண்ணுனாங்கன்னு, என்ற மானத்தக் காப்பாத்திக்க, உன்ற கதையத் தூக்கிக் குடுத்துப்போட்டேன். அந்தப் புள்ள நெத்தியத் தொடச்சுவிட்டப்ப நான் பஸ்ஸுல அழுதேன். ஸ்டாப்பிங்கத் தாண்டிப் போயிட்டேன்..."

"என்னது, அழுதியா?" என்றாள் மாசாணியம்மாள். "அடிப்பாவி! மோட்டாருக்கா அழுத?"

"மோட்டாருக்கு இல்லீங்க்கா. செத்த சும்மா இருங்க." பொற்கொடி செல்போனை இன்னும் வாயருகே கொண்டுபோனாள். "அவன் எத்தனை மோட்டார வேணாலும் தூக்கட்டும் கண்ணு. எனக்குப் பரவால்ல."

விரலை எடுத்தாள். பதிவு மாசாணியம்மாளின் குரலையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் ஒற்றைக் குறி மட்டும் விழுந்தது, இன்னும் போய்ச் சேரவில்லை. அந்தப் பொண்ணு கல்லூரியில் இருக்கும். செல்லை அணைத்து வைத்திருக்கும். கேட்குமா, கேட்காமலே அழித்துவிடுமா, தெரியாது.

ரூபன் எழுந்து போய்க் கை கழுவினார். மாசாணியம்மாள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நானுந்தானே அந்தக் கடேசி வரியச் சொன்னது" என்றாள் மெதுவாக. பிறகு, "அந்தத் தோப்புல மோட்டார் ஏன் நின்னுச்சு? மொதல்ல இந்த ரித்விக் ஏன் அங்க போனான்?"

"அது பெரிய கதைங்க்கா."

"சொல்லு. மணி அடிக்க நேரமிருக்குது."

பொற்கொடி சொல்ல ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நடந்த சண்டை, குடை, காய்ச்சல், உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவனை வேறொருத்தியோடு பார்த்துவிட்டுப் பூஜிதா பேசாமல் போனது. மணி அடித்தது. கையில் கம்பியை எடுத்துக்கொண்டு, குழாயின் இரு பக்கமும் உட்கார்ந்து, பட்டறைச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னாள். தோப்பு வந்தது. மோட்டார் மேலே வந்தது, யாரும் சிரிக்கவில்லை. துப்பட்டா வந்தது.

"அப்பறம்?" என்றாள் மாசாணியம்மாள்.

"அவ்ளோதானுங்க்கா. அதுக்கு மேல அந்தப் புள்ள எழுதல."

ரூபனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை போல. கையை நீட்டி லேத்தை அணைத்தார். மின்சாரம் நின்ற பிறகும் அது தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வேகம் குறையக் குறைய, அதில் பிடித்திருந்த இரும்புத் தண்டின் மினுமினுப்பு ஒவ்வொரு கோடாகக் கண்ணுக்குத் தெரிய வந்தது. ஐந்து முகமும் பொற்கொடியின் பக்கம் திரும்பி, மிச்சத்தை அவளாவது சொல்லுவாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.