ஈய அறையின் நாற்பத்து மூன்று கர்ப்பவதிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில், பெங்களூர் ஓசூர் ரோட்டில் இருந்த ஒரு பேட்டரி தொழிற்சாலையில், மீசை வைத்த நாற்பத்து மூன்று ஆண்கள் ஒரே நாளில் கர்ப்பமாக இருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தவன் நான். கண்டுபிடித்ததோடு விடாமல் டைப் அடித்து, முத்திரை குத்தி, மூன்று பிரதி எடுத்தவனும் நான். ஒரு பிரதியைத் தொழிற்சாலை மேனேஜர் கிழித்தார். இன்னொன்றை என் டைரக்டர் விழுங்காத குறையாக மறைத்தார். மூன்றாவதைக் கரையான் தின்றது. கரையானுக்காவது படிக்கத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ரிட்டயர் ஆகி ஒரு வருஷமாகிறது. காக்ஸ் டவுனில் நான் இதைச் சொல்லாத வீடு இல்லை. பக்கத்து வீட்டு நோயல் நம்புவதாகத் தலையாட்டுவார். என் வீட்டுக் காபி அப்படி. என் மனைவி தனலக்ஷ்மி நான் சொல்வதை எல்லாம் நம்பிப் பழகிவிட்டாள். சண்டை போடுவதைவிட அது சுலபம். முகத்துக்கு நேரே "பொய்" என்று சொல்பவள் ஒருத்திதான். சாயங்காலம் பூக்கூடையோடு வந்து எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து முழம் போடும் பாஞ்சாலி.

"ஆம்பளைங்க முழுகாம இருந்தாங்களாம்! எங்க வூட்டுக்காரரும் அதுல ஒருத்தராம்! அவருக்கு எந்த ஆஸ்பத்திரில சார் பிரசவம் பாத்தீங்க?" என்பாள்.

ஆமாம், அவள் புருஷன் அய்யாவு அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருவன். அவளே நம்பவில்லை என்றால் வேறு யார் நம்புவார்கள்? இதுதான் எனக்கு எரிச்சல்.

எரிச்சல் எனக்குப் புதிதில்லை. என் உத்தியோகமே அதுதான். நாடு சுதந்திரம் வாங்கிய இரண்டாம் மாதம் சர்க்கார் ஆய்வகத்தில் ஜூனியர் கெமிஸ்டாகச் சேர்ந்தேன். வேலை செய்யும் இடத்தில் மனிதன் எதை மூச்சில் இழுக்கிறான், அதில் எவ்வளவு அவன் உடம்புக்குள் தங்குகிறது என்று அளப்பது என் வேலை. சொல்ல எளிது. இருபத்தொரு வருஷத்தில் ஒரு முதலாளியாவது உண்மையான தூசைக் கண்ணில் காட்டினாரா? நான் வருவது தெரிந்தால் தூசுக்கே லீவு கொடுத்துவிடுவார்கள். பஞ்சு மில்லுக்குப் போனால் அன்றைக்கு மிஷின் ஓடாது. புகைபோக்கியைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்திருப்பார்கள். ஒரு மாவு மில்லில் என்னைப் பார்த்ததும் மாவையே ஒளித்துவைத்தார்கள். தொழிலாளிகளாவது உதவினார்களா என்றால், காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் என் கைப்பம்பைப் பார்த்து, "சார், சைக்கிளுக்குக் கொஞ்சம் காத்தடிச்சுக் குடுங்க" என்றார்கள்.

அந்த லட்சணத்தில்தான் பேட்டரி தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே ஈய அறை என்று ஒன்று. ஈயப் பொடியைக் குழைத்துத் தகடுகளில் அப்புவார்கள். சன்னல்கள் இருந்தன, ஆணி அடித்து மூடியிருந்தன. காற்று இழுக்கும் விசிறி கிடையாது. அறைக்குள் பறந்த ஈகூட வெளியே வந்து விழுந்து செத்தது என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்பீர்கள். கூட்டித்தான் சொல்கிறேன். ஆனால் அய்யாவு விஷயத்தில் கூட்டவில்லை.

அய்யாவு கோலார் தங்கவயல்காரன். சுரங்கத் தூசு அவன் அப்பா நெஞ்சைத் தின்றதைப் பார்த்து, பூமிக்கு மேலே வேலை வேண்டும் என்று பெங்களூருக்கு வந்தவன். எட்டு வருஷம் ஈயப் பொடி குழைத்தான். நான் பார்த்தபோது வயிற்று வலியில் இரண்டாக மடிந்து உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டு நிமிரவில்லை, தண்ணீர் டம்ளர் கையிலிருந்து நழுவியது. ஈறில் நீலமாக ஒரு கோடு. ஈயம் உடம்பில் ஏறிவிட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய கையெழுத்து கிடையாது.

மேனேஜர் கோவிந்தப்பாவிடம் சொன்னேன்.

"அது வெத்தலைக் கறை," என்றார்.

"கை நடுங்குதே?"

"குடிகாரன் சார். வயித்து வலியும் குடியாலதான். ஒண்ணாம் தேதி வீட்டுக்கு அனுப்பப் போறேன்."

குடிகாரன் என்று சீட்டுக் கிழிக்கப்பட்டவனை இன்னொரு தொழிற்சாலை வாசலில்கூட நிறுத்தாது. மூத்திரத்தில் ஈயம் இருக்கிறதென்று என் அறிக்கை சொன்னால் அவனை வேறு வேலைக்கு மாற்ற வேண்டும், அறைக்கு விசிறி வைக்க வேண்டும். இல்லையென்றால் அவன் கதை ஒண்ணாம் தேதியோடு முடிந்தது. மூத்திரப் பரிசோதனைக்குக் கோவிந்தப்பா பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. "ஒரு தடவைதான் சார். இன்னொரு தடவைன்னு வராதீங்க."

அமிலத்தில் கழுவிய நாற்பத்து மூன்று பாட்டில்களுக்கு நம்பர் ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலை ரொம்பி வந்தன. நான்கு நாள் உட்கார்ந்து சோதித்தேன்.

ஈயம் இல்லை. ஒருவருக்கும் இல்லை. எட்டு வருஷம் ஈயம் குழைத்தவனுக்கும் இல்லை, நேற்று சேர்ந்தவனுக்கும் இல்லை. எல்லா பாட்டிலும் ஒரே நிறம், ஒரே அடர்த்தி. கடுப்பில் என் மூத்திரத்தையே சோதித்தேன். பன்னிரண்டு நாள் அந்த அறை மூலையில் பம்போடு உட்கார்ந்திருந்த எனக்கு, அவர்கள் எல்லோரையும்விட அதிக ஈயம்! இத்தனை வருஷம் முதலாளிகள்தான் தூசை ஒளித்தார்கள், இப்போது தொழிலாளிகளும் ஆரம்பித்துவிட்டார்கள். எவனோ ஒருத்தன் எல்லோருக்கும் ரொப்பிக் கொடுத்திருக்கிறான் என்று புரிந்தது. காரணமும் பிறகு தெரிந்தது. ஈயம் இருக்கிறவனுக்கெல்லாம் வேலை போகும் என்று மேஸ்திரி கிளப்பிவிட்டிருந்தான். புரிந்து என்ன செய்வது? நிரூபிக்க வேண்டுமே.

அப்போதுதான் தேரை காப்பாற்றியது.

எங்கள் ஆய்வகத்தில் எனக்கென்று ஃப்ரிட்ஜ் கிடையாது. பக்கத்து அறை மௌரீனின் ஃப்ரிட்ஜில்தான் என் பாட்டில்களையும் வைப்பேன். மௌரீன் ஆஸ்பத்திரிகளுக்காகக் கர்ப்பப் பரிசோதனை செய்பவள். அந்தக் காலத்தில் அதற்குத் தேரை வேண்டும். கர்ப்பவதியின் மூத்திரத்தை ஆண் தேரைக்கு ஊசியில் ஏற்றினால், மூன்று மணி நேரத்தில் தேரை மாப்பிள்ளை ஆகிவிடும். அதன் மூத்திரத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் விந்து நீந்துவது தெரிந்துவிடும். அல்சூர் ஏரிக்கரையில் அவளுக்குப் பயந்தே தேரைகள் கத்துவதை நிறுத்தியிருந்தன.

அன்றைக்கு அவள் அவசரத்தில் என் வரிசையை எடுத்து ஊசி போட்டுவிட்டாள். மத்தியானம் என் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"சார், உங்க பேட்டரிக்காரங்க எட்டு பேருக்குப் பாத்துட்டேன், தப்பா. எட்டும் பாசிட்டிவ்."

"ஈயமா?"

"குழந்தை சார்!"

நான் நாற்காலியிலிருந்து எழுந்து ஆடினேன் என்று மௌரீன் பின்னால் எல்லோரிடமும் சொன்னாள். ஆடவில்லை, குதித்தேன். மீதி பாட்டில்களையும் பார்க்கச் சொன்னேன். பெங்களூரில் அன்றைக்கு மிஞ்சிய தேரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாசிட்டிவ்.

ஆக, ரொப்பிக் கொடுத்தது எவனோ ஒருத்தன் இல்லை, எவளோ ஒருத்தி. யார் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எழுத வேண்டி வரும். பாட்டிலை மாற்றிவிட்டார்கள் என்று எழுதினால் மோசடிக்காக அத்தனை பேருக்கும் வேலை போகும். எழுதாமல் விட்டால் அய்யாவு குடிகாரன். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் இருந்தது. சோதனையில் கண்டதைக் கண்டபடி எழுதுவது. ஒரு விஞ்ஞானியின் கடமையும் அதுதானே?

எழுதினேன். "பரிசோதிக்கப்பட்ட நாற்பத்து மூன்று பேரும் கர்ப்பவதிகள். ஈய வேலையில் பெண்களை வைப்பது விதிப்படி தவறு. கர்ப்பவதிகளை வைப்பது பெருந்தவறு. அனைவரையும் உடனே அந்த அறையிலிருந்து வெளியேற்றிப் பிரசவ விடுப்பு அளிக்கப் பரிந்துரைக்கிறேன்."

மறுநாள் கோவிந்தப்பா கார் நிற்பதற்கு முன்பே இறங்கி வந்தார்.

"ஏன்றீ இது? நம்ம ஆளுங்க எல்லாம் பசுரியா? மீசை வெச்சவன், தாடி வெச்சவன் எல்லாம் பிள்ளைத்தாச்சியா?"

"சயின்ஸ் அப்படித்தான் சொல்லுது சார். தேரை பொய் சொல்லாது."

"தேரையாம்! சிட்டி பூரா சிரிக்கும். பாட்டில் எல்லாம் தப்பு. மறுபடி எடுங்க!"

"ஒரு தடவைதான்னு சொன்னீங்களே. இன்னொரு தடவைக்கு உங்க கையெழுத்து வேணுமே."

"குடுங்க பேப்பரை!"

அவர் கத்தக் கத்த நான் டைப் அடித்தேன். டாக்டர் முன்னிலையில், ஒவ்வொருவராக, புதிதாக எடுக்க வேண்டும். கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: முடிவு எதுவானாலும் அதற்காக எந்தத் தொழிலாளியையும் வேலை நீக்கம் செய்யமாட்டோம். கோபத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என் உத்தியோகத்திலேயே நான் செய்த மிகச் சிறந்த ஆராய்ச்சி அந்த ஒரு வரிதான்.

ஈய அறையில் அதை இரண்டு தடவை தமிழில் படித்துக் காட்டினேன். பச்சைமுத்து என்கிற பயில்வான் மெதுவாகக் கேட்டான்: "சார், இந்தத் தடவை ஆணா பொண்ணான்னும் சொல்லிடுவீங்களா?"

அறையே சிரித்தது. அய்யாவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பில் பயம் போனது. வரிசையில் நின்று அவரவர் பாட்டிலை அவரவரே ரொப்பினார்கள். ஈயம் ஆறாக ஓடியது. அதிலும் அய்யாவுடைய அளவைப் பார்த்து, கருவி பழுது என்று நினைத்து மூன்று தடவை திரும்பச் செய்தேன். பழுதில்லை.

சன்னல் ஆணிகளைப் பிடுங்கினார்கள். விசிறி வந்தது. அய்யாவை வாசல் கேட்டில் காவலுக்கு மாற்றினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறான். கை முழுசாக நிமிரவில்லை, ஆனால் மேனேஜர் காருக்கு சலாம் வைக்க அது வசதியாக இருக்கிறது என்பான்.

சாட்சிக்கு ஆள் இல்லை என்பதுதான் என் துரதிர்ஷ்டம். மௌரீன் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டாள். அய்யாவைக் கேட்டால் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு, "எனக்கு என்னா சார் தெரியும்," என்று நழுவுவான். பாஞ்சாலி உதட்டைச் சுழிப்பாள். வருஷக்கணக்காக இதே கூத்து.

போன வெள்ளிக்கிழமை நோயல் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதையோ கண்டுபிடித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். குதிரைப் பந்தய மைதானத்தில் முப்பது வருஷம் குதிரைகளுக்கு மருந்து கலக்கியவர்.

"உங்க கதைல ஒரு சந்தேகம் எனக்கு ரொம்ப நாளா. ஒரு பொம்பளையால அத்தனை பாட்டில் ரொப்ப முடியாது. இது குதிரை. சினைக் குதிரையோட மூத்திரம்தான் தேரைக்கு அப்படி வேலை செய்யும். எவனோ லாயத்துலேருந்து பக்கெட்ல கொண்டாந்திருக்கான்."

நான் யோசித்தேன். அழகான யோசனை. நாற்பத்து மூன்று பேரும் சினைக் குதிரைகள் என்றால் கதை இன்னும் ஒரு படி ஏறுமே!

"இருக்கலாம் நோயல். சினைக் குதிரைதான். அதுவும் தண்ணி கலந்து."

படியில் பூக்கூடை சரிந்தது.

"யாரு குதிரை?" பாஞ்சாலி எழுந்து நின்றாள். "தண்ணி கலந்தாங்களா? ஒரு சொட்டு கலக்கல சார்! ரெண்டு நாளா பார்லித் தண்ணி குடிச்சுக் குடிச்சு வயிறு ஊதிப்போச்சு எனக்கு. குதிரையாம்! அப்ப எம் பொண்ணு எல்லம்மா மூணு மாசம் வயித்துல. யாருக்கும் இன்னும் சொல்லக்கூட இல்ல."

நோயல் எடுத்த டம்ளரைத் திரும்பக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து தனலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"மொதல்ல எங்க வூட்டுக்காரருக்கு மட்டும்தான் குடுத்தேன்," என்றாள் பாஞ்சாலி. குரல் இறங்கிவிட்டது. "ஈயம் இருந்தா வேலை போயிடும்னாங்க. அப்புறம் பச்சைமுத்து வந்து 'அக்கா, எனக்கும்'னான். எல்லாரும் வந்தாங்க. எப்படி மாட்டேங்கறது? சுத்தமா இருந்தா அவரைக் குடிகாரன்னு அனுப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியாது சார். என் கையாலயே அவர் சோத்துல மண்ணள்ளிப் போட இருந்தேன். அதை எப்படி நான் நடந்துச்சுன்னு சொல்லுவேன்?"

எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கூட்டிச் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. கீழே கிடந்த மல்லிகையை எடுத்துக் கூடையில் போட்டேன்.

"பாஞ்சாலி, நீ சுத்தமா குடுத்ததாலதான் தேரை சொல்லுச்சு. தண்ணி கலந்திருந்தா நான் தோத்திருப்பேன். அய்யாவும்தான்."

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நோயலுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நடந்துச்சு சார். எல்லாம் நடந்துச்சு. ஆனா நாப்பத்திமூணு இல்ல, இருபத்தாறு. ரொப்பினவ நான், எனக்குத் தெரியாதா?"