கப்பலை விட்டு யாரும் இறங்க வேண்டாம்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்கள் அதே பாத்திரங்களை வைத்துச் சொந்தமாகக் கதை எழுதி இணையத்தில் போடுகிறார்களாம். ரசிகர் கதைகள் என்று பெயராம். அதில் மூன்று பேர் ஒருவரையொருவர் காதலித்து ஒன்றாக வாழ்கிற கதைகள் குவிகின்றனவாம். "ஏன்னு விசாரிச்சு எழுதுங்களேன்" என்றார். சரி என்றேன். சரி என்ற வேகத்திலேயே முதல் வரியும் வந்தது: 'முக்கோணத்துக்கு முனைகள் மூன்று என்றாலும், மனித மனமானது' 

[அதற்குமேல் மனித மனம் நகரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.]

எழுதுகிறவர்களையே கேட்டேன். ஒரு பள்ளி ஆசிரியை, "ரெண்டு பேர் சண்டை போட்டா சமாதானம் பண்ண வீட்டுக்குள்ளயே ஆள் வேணாமா?" என்று சிரித்தார். ஒரு நர்ஸ், "ஒருத்தருக்கு நைட் டியூட்டின்னா மத்த ரெண்டு பேரும் துணைக்கு இருப்பாங்க" என்றார். ஒரு கல்லூரி மாணவன், "யாராவது ஒருத்தரைத் தேர்ந்தெடுன்னு டிவி சொல்லுது. எதுக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது" என்றான். கட்டுரைக்கு இது தாராளம். மூக்கும் முழியுமாக ஒன்று தேறியிருக்கும்.

பிறகுதான் உப்புக்காற்றைச் சந்தித்தேன். கட்டுரை அன்றோடு கெட்டது.

2

உப்புக்காற்று என்பது அவள் இணையத்தில் வைத்துக்கொண்ட பெயர். [நேரில் 'நீங்க' என்றுதான் பேசினேன். கதைக்குள் 'அவள்' என்றால்தான் பக்கத்தில் உட்கார முடிகிறது.] கடலை அவள் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டாலே வயிற்றைப் புரட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃப்ரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. தேய்க்கிற சக்கரத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் அவள் விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும்.

அவள் எழுதுவது ஒரு கப்பலைப் பற்றி. துறைமுகம் துறைமுகமாகப் போய் வைத்தியம் பார்க்கிற கப்பல், அதுதான் தொடர். கேப்டன் ஒரு பெண். கூட ஓர் இன்ஜினியர், ஒரு டாக்டர். இரண்டு பேருக்கும் கேப்டன்மேல் ஆசை, கேப்டனுக்கு இரண்டு பேர்மேலும். இதை இழு இழு என்று பல வருஷம் இழுத்தார்கள்.

3

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தத் தொடர் வரும். அவள் வீட்டில் மூன்று பேர் பார்ப்பார்கள். அவள், அவள் கணவர், கணவரின் கூட்டாளி நெட்டை.

கணவரும் நெட்டையும் லிஃப்ட் மெக்கானிக்குகள், ஒரே ஜோடி. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நிற்பார், மற்றவர் அடியில் இருக்கிற குழிக்குள் இறங்குவார். மேலே நிற்பவர் கீழே இருப்பவர் குரலை நம்பித்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். அப்படிப் பகல் முழுக்கக் கத்திவிட்டு வருவதால் வீட்டிலும் இரண்டு பேரும் உரக்கத்தான் பேசுவார்கள். நெட்டைக்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "உயரம் பொருந்தல" என்பான். அவளை அண்ணி என்று கூப்பிடுவான். அவளுக்கு அவனை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் பெயரே இல்லாமல், "வாங்க", "சாப்பிடுங்க", "இங்க பாருங்க" என்றே காலம் ஓடிற்று.

ஒரு வியாழன், கேப்டன் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று வாக்குவாதம். அவள் டாக்டர் என்றாள். நெட்டை இன்ஜினியர் என்றான். தூங்கிவிட்டதாக இருவரும் நினைத்த கணவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ரெண்டு பேரும் இருந்துட்டுப் போகட்டுமே. அவ்வளவு பெரிய கப்பல்ல இடமா இல்ல?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு முடிந்த பிறகும் மார்புக்குள் ஏதோ அடங்காமல் இருந்தது.

[அவளுக்கு நெட்டையின்மேல் காதலா? வாசகர் கேட்பீர்கள், நானும் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "தெரியாதுங்க. இவர் சிரிச்சா அவர் சிரிக்கிறாரான்னு பார்ப்பேன். அவர் சாப்பிட்டா இவருக்குப் போட்டோமான்னு பார்ப்பேன். ஒருத்தர் வரலைன்னா மிச்சம் ரெண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. இதுக்கு என்ன பேரு? நீங்கதானே எழுத்தாளர்?" என்றாள்.]

4

ஒரு காலை, ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த கணவர் நிமிரவில்லை.

[இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆம்புலன்ஸ், அழுகை, மழைகூடப் பெய்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.]

ஆக வேண்டிய எல்லாவற்றையும் நெட்டைதான் ஓடி ஓடிச் செய்தான். எல்லாம் அடங்கிய பிறகு ஒருநாள் கணவரின் கருவிப் பையைத் துடைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

"உள்ள வாங்க."

"இல்ல அண்ணி. கிளம்பறேன்."

முன்பெல்லாம் அந்த 'அண்ணி' கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். அன்று அது வெளியே நின்றபடியே கதவைச் சாத்தியது. தனியாக இருக்கிற பெண், கல்யாணமாகாத ஆண், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அவன் நினைத்ததில் தப்பில்லை. ஆனால் கணவரோடு நெட்டையும் போய்விட்டான் என்பது அவளுக்கு அந்த வியாழக்கிழமைதான் உறைத்தது. ஒருவருக்குத் துக்கம் விசாரிக்க வந்தார்கள். இன்னொருவருக்கு யார் வருவார்கள்?

அந்த வருஷமே தொடரும் முடிந்தது. கடைசியில் இன்ஜினியரை ஏதோ ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். பெட்டியோடு அவர் நிற்க, கப்பல் சின்னதாகிக்கொண்டே போக, கேப்டனும் டாக்டரும் கைகோர்த்துக்கொள்ள, பாட்டு. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இணையத்தில் அடித்துக்கொண்டார்கள். அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. டிவியை அணைத்துவிட்டு, போனில் இப்படி ஆரம்பித்தாள்:

'கப்பல் திரும்பியது.'

அப்புறம் அவள் நிறுத்தவில்லை. அவள் கதையில் பெரிய சம்பவங்கள் கிடையாது. மூன்று பேரும் சாப்பிடுவார்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு பேர் விழித்திருப்பார்கள். ஒரு கட்டிலில் மூன்று பேர் படுத்து, போர்வை போதாமல் இழுத்துக்கொள்வார்கள். முத்தங்களும் உண்டு. அவற்றை எழுதும்போது பின்னறையில் யாரும் இல்லையே என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

5

அதையெல்லாம் ஒருநாள் நெட்டைக்கு அனுப்பிவிட்டாள். 'நான் எழுதியது. நேரம் இருந்தால் படியுங்கள்.' அனுப்பிய விரலையே வெட்டிப்போடலாம் போல இருந்தது. பதில் வரவில்லை. வாரங்கள் போயின.

அவள் வேலை செய்கிற கட்டடத்தில் லிஃப்ட் பழுது. சரிசெய்ய வந்தவன் நெட்டை. இரண்டு பேரும் ஏறிய லிஃப்ட், மாடிகளுக்கு நடுவே

[இல்லை. மெக்கானிக் என்றால் லிஃப்ட் நின்றே தீர வேண்டுமா? அவள் கடை தரைத்தளம். லிஃப்டே கிடையாது. நடந்தது வேறு.]

ஒரு மத்தியானம் நெட்டை கடைக்கு வந்தான். கண் பரிசோதித்து, படிப்பதற்குக் கண்ணாடி எழுதியிருந்தார்கள். லென்ஸைத் தேய்த்துப் பொருத்தி, மாட்டிப் பார்க்க அவளே வெளியே எடுத்து வந்தாள்.

"கண்ணுக்கு என்ன?"

"போன்ல படிச்சுப் படிச்சு வலி, அண்ணி. சின்ன எழுத்து."

"அப்படி என்ன படிக்கிறீங்க?"

அவன் முன்னால் குனிந்தான். அவ்வளவு உயரம் அவளுக்கு எட்டாது. கண்ணாடியை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் வளைவு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். தினமும் யார் யாருக்கோ செய்கிற வேலைதான். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"கண்ணைத் திறந்தாத்தானே சரியா இருக்கான்னு தெரியும்."

"இருங்க. திறக்கறேன்."

திறக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"முழுசாப் படிச்சேன்" என்றான். "இன்ஜினியர் நானா?"

"இல்ல."

"டாக்டர் அவனா?"

"அதெல்லாம் இல்ல. கதை."

"நீங்க கேப்டன் இல்லைன்னு மட்டும் தெரியுது. பஸ்லயே வாந்தி எடுக்கிற ஆளு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பெரிய குரலில் பேசிப் பழகியவன், குரலைச் சின்னதாக்கத் தெரியாமல் தடுமாறினான்.

"ஒண்ணு சொல்லணும். உங்க கதைல மூணு பேரும் சாப்பிடறாங்க, கேப்டனும் டாக்டரும் பேசறாங்க. இன்ஜினியர் வாயே திறக்கறதில்ல. தலையாட்டறான், இல்ல ஸ்பேனரைத் தேடறான்."

"அவர் என்ன பேசுவார்னு எனக்குத் தெரியலையே. போனவர் போனவர்தானே? திரும்பி வந்து சொன்னாத்தானே தெரியும்?"

கடைக்காரர் அந்தப் பக்கம் வந்து, பில் போட்டாச்சா என்றார். இன்னும் இல்லை என்றாள். அவர் போகிறவரை இருவரும் காத்திருந்தார்கள்.

"உங்களைப் பார்த்தா அவன் ஞாபகம் வருது" என்றான் நெட்டை. "அவனை நினைச்சா உங்க ஞாபகம் வருது. தனித்தனியா வர மாட்டேங்குது. அதான் வரல. ஊர் பேசும்னு பயந்தேன்னு நினைச்சிருப்பீங்க. அதுவும்தான். ஆனா அது கொஞ்சம்தான்."

"சரி."

"இன்ஜினியர் பேசறதை நான் சொன்னா எழுதுவீங்களா?"

அவள் கண்ணாடியை அவன் கையிலிருந்து வாங்கி, ஏற்கெனவே துடைத்த லென்ஸைச் சிலுக்குத் துணியால் மறுபடி துடைத்தாள். "சொல்லுங்க" என்றாள்.

6

இப்போது வியாழக்கிழமைகளில் அவன் வருகிறான். கதவு திறந்தே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள், பேசினார்கள், அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். கேப்டனை அவள் எழுதுகிறாள். இன்ஜினியரின் வசனங்களை அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறாள். இன்ஜினியர் ரொம்பப் பேசுகிற ஆளாக மாறிவிட்டார்; சில சமயம் அதட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு சிக்கல். டாக்டரை எழுத இருவராலும் முடியவில்லை. முன்பு சரளமாகப் பேசியவர்தான். அவள் எழுதினால் அவன், "இது அவன் சொல்ற மாதிரி இல்ல" என்கிறான். அவன் சொன்னால் அவள் அழித்துவிடுகிறாள். கடைசியில் டாக்டரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் வெற்றிடம் விட்டே வெளியிடத் தொடங்கினார்கள். ஏதோ கோளாறு என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். அவள் சரிசெய்யவில்லை.

7

முடிவு கேட்பீர்கள். இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துப் பார்த்தேன். மூன்று பேர் கதை மறுபடி இரண்டு பேர் கதையாகி, தொடர் எழுதியவர்கள் செய்ததையே நானும் செய்தேன். பிரித்துப் பார்த்தேன். கை வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் என்னதான் பண்ணப் போறீங்க?" என்று நேராகவே கேட்டேன். "ரெண்டு பேரா?" என்றாள் அவள், உண்மையாகவே குழம்பி.

ஆசிரியருக்குக் கட்டுரை தரவில்லை. டாக்டர் பேச வேண்டியதை எழுதித் தருகிறேன் என்று இவர்களிடம் சவால் விட்டு, அதிலும் தோற்றேன். உங்களிடம் விடுகிறேன். போன வியாழக்கிழமை அவர்கள் நிறுத்திய இடம் இது:

கேப்டன்: துறைமுகம் தெரியுது. யாராவது இறங்கறீங்களா?

இன்ஜினியர்: நான் இறங்கல. டாக்டர், நீங்க?

டாக்டர்: