சுவக்கீன் திறந்த கதவு

1

இந்தக் கதை ஒரு தபலாவின் வாசனையிலிருந்து வந்தது. மலைமேல் சக்குபள்ளம் பக்கத்தில் ஒரு மாதா கோயில் மைதானத்தில், ஐப்பசி மழைக்கு நடுவே, எஸ்டேட் ஆட்கள் வருடாவருடம் பாட்டு விழா நடத்துகிறார்கள். போன வருடம் அங்கே சும்மா கிடந்த தபலாவை நகர்த்தி உட்கார்ந்தேன். ஏலக்காய் மணத்தது. ஏன் என்று விசாரித்ததுதான் வினை. டீயைக் குடித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம்.

2

முதல் வரி: "சுவக்கீன் ஒரு மாபெரும் இசை ரசிக

வேண்டாம். சுவக்கீனுக்குச் சுதியும் தெரியாது, தாளமும் தெரியாது. பூசையில் அவன் வாயைத் திறந்தால் அக்கா செபமாலையம்மாள் முழங்கையால் இடிப்பாள்.

மறுபடி: "சுவக்கீன் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவன்." இது தேவலை. ஸ்டோர் என்பது அடைத்த அறை. வெளி அடுப்பில் விறகு எரிய, உள்ளே தட்டுத்தட்டாகக் காய் உலரும். பாதியில் கதவைத் திறந்தால் ஈரக்காற்று புகுந்து பச்சை நிறம் வெளுத்துவிடும். வெளுத்த காயை எந்த வியாபாரியும் சீந்தமாட்டான்.

பாட்டு விழா அன்று மட்டும் சுவக்கீன் திறப்பான். மழையில் தொய்ந்துபோன தபலாவையும் டோலக்கையும் உள்ளே வைத்து, தோல் இறுகியதும் எடுத்துக் கொடுப்பான்.*

* தப்பு மேளம் என்றால் தீயில் காட்டிக்கொள்ளலாம். தபலாவைக் காட்டினால் தோல் வெடித்துவிடும். (இதை மேலேயே சொல்லியிருக்க வேண்டும்.)

3

மறுநாள் மேனேஜர் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சுவார். ஈரம் போக்கும் ஃபேன் நின்றுபோச்சு என்று சுவக்கீன் கூசாமல் புளுகுவான். நிரந்தரத் தொழிலாளி, திட்டோடு போய்விடும். மேடையில் யாரும் அவன் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் குட்டு உடைந்துவிடும். அவன் விழாவைப் பார்த்ததும் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்டுக்கொண்டு விறகு தள்ளுவான்.

இந்த ஆடி மழையில் அந்த அடுப்படியிலேயே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தான். சேற்றில் ஜீப் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செபமாலையம்மாள் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். (இங்கே இரண்டு பத்தி எழுதி அழித்தேன். அவள் அழுகையை நான் அழகாக எழுதியிருந்தேன், எனக்கே அருவருப்பாக இருந்தது.)

4

தம்பியின் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள், தற்காலிகமாக. வேலை இருக்கும்வரை எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் இருக்கும். வேறு போக்கிடம் அவளுக்கு இல்லை.

விழா நாள் மத்தியானம். உள்ளே பாதி உலர்ந்த காய். விழா நடத்தும் பாண்டித்துரை தபலாவைத் துண்டால் பொத்திக்கொண்டு மழையில் வந்து நின்றான்.

"அக்கா, செத்த நேரம் தெறங்க. தோல் சவசவன்னு கெடக்கு."

"தெறந்தா காயி வெளுத்துரும்யா."

"அண்ணன் தெறப்பாரு."

"அவனுக்குத் திட்டு. எனக்கு வீடு போயிரும்."

பாண்டித்துரை தலையைக் குனிந்துகொண்டான். "இந்த வருசந்தான் மொதமொத அண்ணன் பேர மைக்ல சொல்லப்போறோம். அதுக்குப் பெறகு வாசிப்பு. இப்படித் தொங்கிப்போன தபலாவ வச்சு எப்படிக்கா வாசிக்கிறது?"

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தாள். இரும்பு சுட்டது. தம்பி மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. நீ செத்தும் என்னை நிம்மதியாக விடவில்லையே என்று உள்ளுக்குள் ஏசினாள். அவன் பெயரை மைக்கில் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்றும் இருந்தது.

5

முடிவு, ஒன்று: திறக்கிறாள். தபலா கணீரென்று பேசுகிறது. ஊரே அழுகிறது. அடுத்த மாதம் லயத்துக்கு வேறு குடும்பம் குடிவருகிறது.

முடிவு, இரண்டு: திறக்கவில்லை. பெயரைச் சொல்கிறார்கள், வாசிப்பு சோர்ந்து விழுகிறது. வெளுக்காத பச்சைக் காய் மூட்டை ஏறுகிறது. அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது அவளுக்கு

முதலாவது வாசகருக்குப் பிடிக்கும். அதனாலேயே அதன் மேல் எனக்குச் சந்தேகம். பாண்டித்துரையிடம் எண்ணை மட்டும் வாங்கி அவளுக்கே போன் செய்தேன். கதை எழுதுகிறேன், கதவைத் திறந்தீர்களா என்று கேட்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்.

"நீங்க இருக்கது சொந்த வீடா சார்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப ஒங்களுக்கு எதச் சொன்னாலும் கததான்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

நான் மறுபடி கூப்பிடவில்லை. முடிவை உங்களிடமே விடுகிறேன். ஆனால் அதற்கு முன், நீங்கள் இருப்பது யாருடைய வீட்டில் என்று சொல்லிவிடுங்கள்.