எல்லாம் இடத்துல இருக்கா

உலக வரலாற்றைப் புரட்டிப் போடக்கூடிய தீர்மானம் ஒன்று அன்று முற்பகல் அந்த வீட்டின் முன்னறையில் ஏகமனதாக நிறைவேறியது. அப்பாவின் கணினியில் உள்ள ஃபோல்டர்கள் அனைத்தும் ஒரே ஃபோல்டருக்குள் கொட்டப்படும். முன்மொழிந்தவர் அண்ணன். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்த்து வாக்களித்திருக்கக்கூடியவர் பக்கத்து அறையில் மூக்கில் குழாயோடு செத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாய் துடைத்துவிட்டு ஈரத்துணியோடு தங்கை வெளியே வந்தபோது தீர்மானம் அமலுக்கு வரத் தொடங்கியிருந்தது.

"என்ன பண்றே?"

"பதறாதே. இந்தக் காலத்துல யாரு ஃபோல்டர் ஃபோல்டரா வெச்சுக்கிறா? சர்ச்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

அண்ணன் ஒரு பெரிய நிறுவனத்தில் தகவல் மேலாண்மைத் தலைவர். ஒழுங்கைப் பற்றி மேடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு மணி நேரம் பேசுவார். அவருடைய சொந்தக் கணினியின் திரையில் மனைவியின் படம் இருக்கிறது. ஐகான்கள் அப்பிக் கிடப்பதில் அண்ணியின் இடது காது மட்டும்தான் தெரியும்.

அப்பா குடிநீர் வாரியத்தில் வரைபடப் பிரிவில் இருந்தவர். ஒரு குழாயின் வரைபடம் பக்கத்துத் தெருவின் இழுப்பறைக்குள் போய்விட்டதில், ஒருமுறை ஒழுகாத தெருவைத் தோண்டி ஒழுக வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் விடவில்லை. ஓய்வுபெற்ற பிறகு குடும்பத்தின் படங்கள், சான்றிதழ்கள், ரசீதுகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். வருஷத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றுக்குள்ளும் அண்ணன், அம்மா, இதரம், சின்னவள், வீடு. சட்டம் ஒன்றே ஒன்று: எதையும் மவுஸால் இழுக்கக் கூடாது, வெட்டித்தான் ஒட்ட வேண்டும். இழுத்தால் கை நழுவி ஒன்று இன்னொன்றின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து மவுஸ் சின்னவளிடம், அதிகாரம் அவரிடம்.

அண்ணன் இழுத்திருந்தார்.

"ஏதோ ஒண்ணு காணோம்," என்றார், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில். "அம்மான்னு போட்டிருந்தது."

"எந்த வருஷம்?"

"ஏதோ ஒரு வருஷம். இரு, சர்ச் பண்றேன்."

பண்ணினார். ஆறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அம்மா எல்லா வருஷங்களிலிருந்தும் கிளம்பி வந்தாள். அம்மா என்று பெயரிட்ட ஒவ்வொரு படமும் கூடவே வந்தது. திரை உருண்டுகொண்டே இருந்தது.

"வந்துடுச்சு பாத்தியா," என்றார் அண்ணன். எது வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "சின்னவளே. எல்லாம் இடத்துல இருக்கா?"

அண்ணன் கண் ஜாடை காட்டினார். இருக்குன்னு சொல்லு, மனுஷன் நிம்மதியாப் போகட்டும்.

"இல்லப்பா," என்றாள் உரக்க. "ஒண்ணு விழுந்துடுச்சு."

ஆக்சிஜன் சத்தத்துக்கு மேல் குரல் எழும்பியது.

"யாரு இழுத்தது?"

"அண்ணன்."

"அவனா. எதை?"

"அம்மாவை."

"இதரத்துல பாரு. அவன் கை கீழதான் வழுக்கும்."

"பேசாதீங்க ஐயா, மூச்சு வீணாகுது," என்றார் கூட இருந்த நர்ஸம்மா.

"சேத்து வெச்சு என்ன பண்ணப்போறேன்?"

அண்ணன் பல்லைக் கடித்தார். "இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"இருந்தா சொல்லுவேன். எழுந்திரு."

அவர் எழுந்தார். அவள் உட்கார்ந்து முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். திற, எண்ணு, மூடு. அண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார், பிறகு கைபேசியோடு வாசலுக்குப் போனார். ஒரு வருஷத்தில் நான்குதான் இருந்தன. இதரத்தைத் திறந்தாள். குளிர்சாதனப் பெட்டியின் உத்தரவாதச் சீட்டுக்கும் சைக்கிள் கடை ரசீதுக்கும் நடுவில் அம்மா. உள்ளே முதல் படத்தில், எடுக்காதே என்று கையை நீட்டி மறைத்துக்கொண்டிருந்தாள். சின்னவள் வெட்டினாள், ஒட்டினாள். முன் வருஷத்தையும் பின் வருஷத்தையும் ஒருமுறை சரிபார்த்தாள். பிறகுதான் உள்ளே ஓடினாள்.

நர்ஸம்மா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "இப்பத்தாம்மா," என்றார்.

அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"வெச்சுட்டேன்பா," என்றாள்.

வாசலில் அண்ணன் ஒவ்வொருவராக அழைத்து "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் 'ஈடு' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரே அளவு இடைவெளி. முடித்துவிட்டு வந்தார்.

"வர்றவங்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு வீடியோ பண்ணணும். எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல கொட்டிக் குடு. என் ஆபீஸ் ஆளுங்க பொறுக்கிப்பாங்க."

அவள் கணினிக்கு வந்து இரண்டு விசைகளை அழுத்தினாள். திரையில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும் நின்றது.

"என்ன பண்ணினே?"

"பூட்டிட்டேன்."

"பாஸ்வேர்டைச் சொல்லு."

"மாட்டேன்."

"நான் மூத்தவன்."

"தெரியும். ஃபோல்டர்லயும் நீதான் முதல்ல இருக்கே."

அண்ணன் மிரட்டினார். பிறகு கெஞ்சினார். பிறகு, அப்பாவின் ஆத்மா என்று ஆரம்பித்தார். அவள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

தினமும் காலையில் விசைப்பலகையைக் கட்டிலுக்கு வரவழைத்து, அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, அப்பா அதை மட்டும் தன் நடுங்கும் விரலாலேயே அடிப்பார். பாஸ்வேர்ட் அவளுக்கும் தெரியாது.