முப்பதில் ஒன்பது

ஒரு பெண்ணின் மனத்தைத் திறந்து பார்க்க நூற்றைம்பது ரூபாய் என்று 2009-ஆம் வருஷம் சிதம்பரத்தில் விலை முடிந்தது. முடித்தவர்கள் ஆராய்ச்சி நெறிக்குழுவின் ஏழு பெரிய மனிதர்கள். இருநூறு கொடுத்தால் ஆசை காட்டி இழுத்ததாகிவிடும், நூறு கொடுத்தால் சுரண்டியதாகிவிடும் என்று இரண்டு மணி நேரம் பேசி, இரண்டு சுற்று டீ ஆன பிறகு நடுவில் நிறுத்தினார்கள். பயணப்படி என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் வைத்தார்கள். ஜெயராணிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவளுடைய அப்பா லூர்துசாமி முப்பது வருஷமாகச் சேத்தியாத்தோப்புச் சந்தையில் அலுமினியப் பாத்திரம் விற்கிறவர். ஒரு குண்டானுக்கு நூற்றைம்பது எப்படி வந்து நிற்கும் என்பதைப் பாவாடை கட்டிய வயசிலேயே பார்த்தவள் அவள்.

அவள் வேலை எண்ணுவது. கர்ப்பமாக இருக்கும்போது மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் கடலூர் மாவட்டத்தில் எண்பத்து நாலு பேரை ஆய்வுக்காகப் பொறுக்கியிருந்தார்கள். குமராட்சியிலிருந்து அண்ணாகிராமம் வரை இருபத்தொரு பேர் ஜெயராணி பங்கு. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போய் முப்பது மாத்திரை கொடுக்க வேண்டும். இருபத்தோரு நாளைக்கு இருபத்தொன்று. பஸ் வராவிட்டால், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் என்று ஒன்பது கூடுதல். அடுத்த தடவை போகும்போது பத்துக் கேள்வி கேட்டு, மிச்சத்தை எண்ணி எழுதிக்கொண்டு வர வேண்டும். முப்பதில் ஒன்பது இருந்தால் சரி. டாக்டர் வெண்மதி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "சாப்பிடுன்னும் சொல்லாத, சாப்பிடாதன்னும் சொல்லாத. அது என் வேலை. நீ எண்ணு."

ஆனால் அதே டாக்டர், சந்திரலேகாவின் கோப்பைக் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒரு நொடி விடாமல் பிடித்துக்கொண்டு, "இந்தப் பொண்ண மட்டும் நல்லா பாத்துக்க. மாத்திரை நின்னா ரொம்ப நாள் தாங்கமாட்டா" என்றார். ஐந்து வருஷத்துக்கு முன்னால், தலைப்பிரசவம் ஆன ஆறாம் நாள், நட்ட நடுப் பகலில், பச்சைக் குழந்தையை எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறி நின்றவள் சந்திரலேகா. பிடித்து இழுத்தது மாமியார். அந்தக் குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது. இது இரண்டாவது, முப்பத்தோராவது வாரம். புருஷன் அருண்பாண்டியன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான்.

அண்ணாகிராமத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி முந்திரித் தோப்பு வழியாகப் பத்து நிமிஷம் நடந்தால் வீடு. பக்கத்திலேயே கொட்டகை. அங்கே எட்டுப் பெண்கள் விரலில் சாம்பலைத் தடவிக்கொண்டு கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியார் ரத்தினம்மாள் சொந்தமாக முந்திரிப் பருப்பு வியாபாரம் செய்கிறவள். பருப்பை நிறுக்காமலே, ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, ராத்தலுக்கு இருநூற்று நாற்பது பருப்பு நிற்குமா முந்நூற்று இருபது நிற்குமா என்று சொல்லிவிடுவாள். பண்ணுருட்டி ஏஜெண்டுகள் அவளிடம் தராசை வெளியிலேயே எடுக்க மாட்டார்கள்.

அன்றைக்கு டீ எவர்சில்வர் டம்ளரில் வந்தது. ஜெயராணி அதைத்தான் முதலில் கவனித்தாள். இதற்கு முன் நாலு தடவை வந்தபோதும் பிளாஸ்டிக் கப்பில்தான் டீ. ஏன் என்று அவளும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. இன்றைக்கு எவர்சில்வர், கூட ஒரு தட்டு நிறைய முழுப் பருப்பு. சந்தையில் யாராவது காரணமில்லாமல் சோடா வாங்கிக் கொடுத்தால் அப்பா அந்தச் சரக்கை இரண்டு தடவை தட்டிப் பார்ப்பார்.

"எண்ணிக்க பாப்பா," என்று ரத்தினம்மாள் மூன்று அட்டைகளையும் மேஜைமேல் வைத்தாள். இரண்டு காலி. ஒன்றில் ஒன்பது. "எங்கூட்ல எண்ணிக்க மட்டும் தப்பாது."

"கேள்விய முடிச்சிட்டு எண்ணிக்கறம்மா. அவுங்ககிட்ட தனியா பேசணும்."

"பேசேன். எனக்குக் காது கேக்காதுன்னு வெச்சிக்க." வாசற்படியில் முறத்தோடு உட்கார்ந்து பருப்பில் முழுசு வேறு, அரை வேறு என்று பிரிக்க ஆரம்பித்தாள்.

சந்திரலேகா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டில் ஒரு ஊக்கு இடம் மாறி மாட்டியிருந்தது. தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு, நல்லாருக்குது என்றாள். பசி நல்லாருக்குது. பயம் இல்லை. அழுகை இல்லை. பத்துக் கேள்விக்கும் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலப் பதில் வந்தது, வாசற்படியைப் பார்த்தபடியே. ஜெயராணியின் பேனா சுழி சுழியாகப் பூஜ்யம் போட்டுக்கொண்டே வந்தது. போன தடவை இதே சந்திரலேகா, "சிரிப்பு வருதுக்கா, ஆனா கொஞ்சம் லேட்டா வருது" என்று சொல்லி, சொன்னதற்கே சிரித்தவள். அப்போதுகூட மதிப்பெண் நாலு. நல்லபடி இருக்கிற பெண்ணுக்கு நாலு வரும், ஐந்து வரும். பூஜ்யம் வாங்குகிறவள் எதையோ மறைக்கிறாள்.

தாளைத் திருப்பும்போது, கேட்காமலே சந்திரலேகா சொன்னாள்: "கெணத்து மேல போட்டிருந்த கம்பிவலைய எடுத்துட்டாங்கக்கா. மோட்டார் ரிப்பேராம். நாலு நாளா தொறந்தே கெடக்குது."

முறத்தில் பருப்பு விழும் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

ஜெயராணி அட்டைகளைக் கையில் எடுத்தாள். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை, பார்த்தாலே ஒன்பது. ஒன்பது என்று எழுதி, பூஜ்யத்தைக் கூட்டி, நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால் ஒன்று பத்து பஸ்ஸைப் பிடித்துவிடலாம். எண்பத்து நாலு பேரில் இவ்வளவு சுத்தமான கணக்கு யாருக்கும் வராது. டாக்டரே தட்டிக் கொடுப்பார்.

ஆனால் அட்டை வேறு மாதிரி இருந்தது. சந்திரலேகா கட்டைவிரலால் அழுத்தி எடுக்கிறவள். அவள் கையில் பட்ட அட்டை நசுங்கி, அங்கொன்று இங்கொன்றாகப் பல் விழுந்த வாய்போல இருக்கும். இந்த அட்டைகளில் இருபத்தோரு குழியும் வரிசையாக, ஒரே நீளத்துக்கு, சின்னக் கத்தியால் கீறித் திறக்கப்பட்டிருந்தன. வெள்ளித்தாளின் ஓரமெல்லாம் பழுப்பும் கறுப்புமாகக் கறை. முந்திரி ஓட்டு எண்ணெயின் கறை. சாம்பல் தடவினாலும் விரலை விட்டுப் போகாது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் புகை ஆகாது என்று சந்திரலேகாவைக் கொட்டகைப் பக்கமே விடாமல் ஆறு மாதமாகிறது. ஜெயராணி அவள் விரல்களைப் பார்த்தாள், வெளுத்திருந்தன. வாசற்படியில் முறத்துக்குள் போய் வந்துகொண்டிருந்த விரல்களைப் பார்த்தாள்.

கேட்டால் இல்லை என்பார்கள். அதனால் அவள் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, டீயைக் கையில் எடுத்து, சந்தையில் அப்பா உட்காருவதுபோலச் சாய்ந்து உட்கார்ந்து, நிதானமாகக் குடிக்க ஆரம்பித்தாள். பேரத்தில் முதலில் வாய் திறக்கிறவருக்குத்தான் நஷ்டம். பாதி டம்ளர் காலியாகிற வரைக்கும் முறத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இன்னா, எழுதலியா?"

"எழுதணும்மா. அட்டையில கறை இருக்குது. அத எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு பாத்துக்கிட்டிருக்கறேன்."

ரத்தினம்மாள் எழுந்தாள். கோபத்தில் எழுந்த மாதிரி இல்லை. கடையில் பெரிய புள்ளி வந்தால் எழுவதுபோல. உள்ளே போய், இரும்புப் பெட்டியைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளோடு வந்தாள்.

"இது நீ குடுத்ததுதான?"

போன தடவை கொடுத்த தகவல் தாள். நெறிக்குழுவின் ஏழு பேரும் மறுபடி கூடி, ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். இருபத்தொரு வீட்டிலும் ஜெயராணி அந்தத் தாளைக் கொடுத்தாள். குமராட்சியில் ஒரு வீட்டில் அலமாரியில் விரித்துவிட்டார்கள், இன்னொரு வீட்டில் பிள்ளைகள் கப்பல் செய்துவிட்டன. படித்துப் பார்த்த ஒரே ஆள் ரத்தினம்மாள்.

"எழுத்துக் கூட்டி மூணு நாளு படிச்சேன். இங்க பாரு. 'கருவில் உள்ள குழந்தைக்கு ஏற்படக்கூடிய விளைவுகள் முழுமையாக அறியப்படவில்லை.' அறியப்படவில்ல. ஏம் பாப்பா, இன்னான்னு தெரியாத சரக்க எம் மருமவ வயித்துல எறக்கிட்டு, மூணு வாரத்துக்கு ஒருக்கா வந்து எண்ணிக்கிட்டுப் போறீங்க. எம் பேரன வெச்சித்தான் அறிவீங்களா?"

அந்த வரி பொய்யாக இருந்தால் ஜெயராணி சமாளித்திருக்கலாம்.

"தெனம் ராவுல ஒன்னு எடுத்துத் தனியா வெச்சிடுவேன். மொத்தமா எடுத்தா நாளு தவறிப்புடும், ஒங்கிட்ட மாட்டிக்குவேன். இவளுக்குச் சத்து மாத்திரைய குடுத்துடுவேன். இவளுக்கும் தெரியும். எம் பேச்ச மீற மாட்டா." குரலைத் தாழ்த்தினாள். "ஒன்னும் கெட்டுப்போவல. மொத ரெண்டு வாரம் பெரண்டு பெரண்டு படுத்தா, ஒத்துக்கறேன். போன வாரம் திங்கள்லேர்ந்து நாலு நாளு, அடிச்சிப் போட்ட மாதிரி தூங்குனா. மாத்திர இல்லாமத்தான். அப்பறம் எதுக்கு?"

"அதுக்கப்பறம்?"

"அதுக்கப்பறம்..." கையை உதறினாள். "சரி, ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். டாக்டரம்மாகிட்ட பேசு. ஒன்னுக்கு அரை. இல்ல, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இல்லன்னா இப்புடி வெச்சிக்க, புள்ள பொறக்கற வரைக்கும் நிறுத்தி வெப்போம், பொறந்த அன்னிக்கே ரெண்டா குடுத்துடறேன்."

சிரிக்க வேண்டிய இடம். அவளுடைய கன்னம் துடிப்பதைப் பார்த்தபோது ஜெயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. கொள்முதல் விலைக்கும் கீழே இறங்கிக் கேட்கிறவர்கள் பயந்தவர்கள். டாக்டரின் கறாரான குரல் காதில் கேட்டது. சொல்லாதே, எண்ணு. சொன்னால் வேலை போகும். மாதம் நாலாயிரத்து ஐந்நூறு.

"தாள்ல இருக்கறது உண்மதாம்மா," என்றாள். "ஆனா ஒரு பக்கந்தான் இருக்குது. சாப்பிட்டா இன்னா ஆவும்னு முழுசா தெரியலன்னு போட்டிருக்கு. நிறுத்துனா இன்னா ஆவும்னு போடல. அது எழுதி வராமலே ஒங்களுக்குத் தெரியும். கெணத்து மேட்டுல பின்னால நின்னது நீங்கதான?"

ரத்தினம்மாள் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொட்டகையில் யாரோ ஏதோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கட்டைகள் கொட்டையின்மேல் விழுந்துகொண்டிருந்தன.

"பொடவ முந்திதான் கையில கெடச்சிது," என்றாள். "கெழிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்."

மறுபடி உள்ளே போனாள். இந்தத் தடவை வெளியே வந்தபோது கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பொட்டலம் இருந்தது. "வீசல. சும்மா வந்த சரக்கா இருந்தாலும் வீசிப் பழக்கமில்ல. இருபத்தொன்னு. எடுத்துக்க."

எடுத்துக்கொள்ளச் சொன்னாளே தவிர, எண்ணாமல் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. மேஜைமேல் கொட்டி, இரண்டு இரண்டாகத் தள்ளினாள். எட்டு ஜோடி, அப்புறம் ஒன்று. பதினேழு. நெற்றியைச் சுருக்கி மறுபடி எண்ணினாள். பதினேழு. பொட்டலத்தைத் தலைகீழாக உதறினாள். ராத்தலுக்கு எத்தனை என்று கைப்பிடியிலேயே சொல்கிறவள், மூன்றாவது தடவை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள்.

நாலு குறைந்தது. மாத்திரையைச் சேர்த்து வைத்து ஒரே நாளில் விழுங்குகிற பெண்களைப் பற்றி டாக்டர் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார். ஜெயராணி நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

சந்திரலேகா வாசற்படியைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்க, செவ்வா, புதன், வியாழன்," என்றாள்.

மின்விசிறி சுற்றியது. ரத்தினம்மாளின் கறுத்த விரல் பதினேழாவது மாத்திரையின்மேல் அப்படியே நின்றது.

"பொட்டி சாவி ஒங்க தலகாணிக்குக் கீழ இருந்துது அத்த. நாலு நாளும் எடுத்து முழுங்குனேன். வெள்ளிக்கெழம நீங்க இடுப்புல சொருவிக்கிட்டீங்க."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல," என்று ரத்தினம்மாள் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அந்தப் பேச்சு செல்லாது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

ஜெயராணி பேனாவைத் திறந்தாள். "டாக்டர் நாளைக்குக் காலைல சிதம்பரத்துல இருப்பாங்க. அரையா முழுசான்னு அவுங்ககிட்டயே கேளுங்க. ரெண்டு பேரும் வரணும். அதுக்கு முன்னால, இன்னிக்கே அந்தக் கம்பிவலைய எடுத்துப் போடச் சொல்லுங்க."

"நாளைக்கு லோடு வருது."

பேரத்தில் பேசாமல் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஜெயராணி பத்துப் பூஜ்யங்களையும் ஒரே கோடாக அடித்தாள். படிவத்தில் 'உட்கொண்டது' என்று ஒரு கட்டம், 'காணாதது' என்று ஒரு கட்டம். நாலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று பேனா கொஞ்ச நேரம் நின்றது. சந்திரலேகாவின் கண்ணைப் பார்த்துவிட்டு முதல் கட்டத்தில் எழுதினாள். காற்றில் தாள் படபடத்தது. ரத்தினம்மாள் இடுப்பிலிருந்து சாவியை உருவி, பறக்காமல் இருக்க என்பதுபோலத் தாளின் ஓரத்தில் வைத்தாள். வைத்த கையை எடுத்துக்கொண்டாள். சந்திரலேகா கை நீட்டவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு முன்னால் மாமியார் குனிந்து ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

கொடுத்தது முப்பது. அட்டையில் ஒன்பது. பொட்டலத்தில் பதினேழு. உட்கொண்டது நான்கு. கூட்டினால் நேர். தவறிய இரவுகள் பதினேழு. பிரசவத்துக்கு இன்னும் அறுபத்து மூன்று.