சிசோமோவின் அம்மா கேட்டது

பஞ்சுக்குச்சி பிள்ளையின் மூக்குக்குள் போகிறது, பிடித்திருப்பது என் விரல்கள்தாம், இரண்டு மாதம்கூட நிறையாத மூக்கு, குச்சி பட்டதும் முகத்தைச் சுளிக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும் என்று என் கை ஒவ்வொரு முறையும் ஒரு கணம் காத்திருக்கிறது, சுளிப்பதில்லை, திருப்புவதில்லை, லுசாகாவில் ஜூன் மாதம் குளிர்காலம், பிணவறையின் சிமெண்டுத் தரையிலிருந்து குளிர் செருப்பைத் தாண்டிக் காலில் ஏறுகிறது, மூச்சு நின்றபின் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவரப்படும் கைக்குழந்தைகளுக்கு அங்கே யாரும் காரணம் தேடுவதில்லை, வரும்போதே உயிரில்லை என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது, அந்த வரிக்குப் பின்னால் என்ன தொற்று இருந்தது என்று மூக்குச் சளியிலிருந்து கண்டுபிடிப்பதுதான் எங்கள் ஆய்வு, தெரிந்துவிட்டால் கர்ப்பிணிகளுக்கு ஒரு தடுப்பூசி வேண்டுமென்று ஜாம்பியா அரசாங்கத்திடம் கேட்கலாம், இதையெல்லாம் கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் விளக்கிச் சொன்னபோது அவள், ஏளா, உசுரோட இருக்கவுகளுக்கு வைத்தியம் பாக்கத்தான உன்னய டாக்டருக்குப் படிக்க வச்சோம் என்றாள், நான் என்ன பதில் சொன்னேன், சாப்பிட்டியாம்மா என்று கேட்டிருப்பேன்.

பெற்றவர்கள் சம்மதித்தால்தான் குச்சியைத் தொடலாம், கேட்பது சிலேஷேயின் வேலை, பிரசவ வார்டில் வெகுகாலம் நர்ஸாக இருந்துவிட்டு எங்கள் ஆய்வுக்கு வந்தவள், பிணவறைக்கு வெளியே ஒரு சின்ன அறை, அதில் அவள் முதலில் சும்மா உட்கார்வாள், அழுகிறவர்களோடு கொஞ்சநேரம் அழுவாள்கூட, பிறகுதான் பேச்சை எடுப்பாள், அன்றைக்கு எதிரில் இருந்தவள் தாவோங்கா, சந்தையில் தக்காளி விற்கிறவள், சின்னப் பெண், மடியில் நீலத்துணியில் சுற்றிய பிள்ளை, அந்த ஊரில் பெற்றவளைப் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள், பனா சிசோமோ என்றாள் சிலேஷே, சிசோமோவின் அம்மா, பிள்ளை போனபின்னும் அந்தப் பெயர் போகாது, வாசலில் சுவரைப் பார்த்து நின்றிருந்தவன் அவளுடைய புருஷன் லாக்சன், மினிபஸ் டிரைவர், மனைவியின் பக்கம் திரும்பாமலே பேசினான், அவர்கள் பேசுவது நியாஞ்சா மொழி, எனக்குப் பாதிதான் புரியும், மீதியைச் சிலேஷே சொல்வாள், ஆனால் இப்போது நினைக்கும்போது எல்லாமே எங்கள் ஊர்த் தமிழாகவே காதில் விழுகிறது, இந்தக் குளிருக்குள்ள பச்சப்பிள்ளைய முதுகில கட்டிக்கிட்டுச் சந்தைக்குப் போகாதன்னு சொன்னேனா இல்லையா, சொன்னேனா இல்லையா, அவன் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான், அவள் நிமிரவில்லை, சிலேஷே ஆய்வைப் பற்றிச் சொல்லி முடித்ததும் தாவோங்கா, எடுத்துக்கோங்க என்றாள், பிறகு என்னை நேராகப் பார்த்து, எதனால போச்சுன்னு எனக்குச் சொல்லுவீங்களா என்று கேட்டாள், சிலேஷே என்னைப் பார்த்தாள், எடுக்கிற சளியெல்லாம் எண் போட்டு உறைபெட்டிக்குள் போகும், பல மாதம் கழித்து மொத்தமாகச் சோதிப்பார்கள், யாருக்கும் தனியாகச் சொல்வது விதியில் இல்லை, சொல்ல முடியாதும்மா என்றேன், அப்ப எம்பிள்ள ஏன் செத்தான்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியுமா என்றாள், கோபமில்லை, விவரம் கேட்கிற குரல்தான், பிறகு பிள்ளையின் தலையை என் பக்கம் திருப்பி, நான் குச்சியை விட்டு எடுக்கும்வரை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது, அண்ணியின் முதல் பிள்ளையும் இப்படித்தான், விடிந்து பார்த்தபோது மூச்சில்லை, பால் சேரவில்லை என்றார்கள், தூக்கத்தில் இவளே புரண்டு படுத்து அமுக்கிவிட்டாள் என்றார்கள், அவள் காதுபடவே சொன்னார்கள், கனவில் தாவோங்கா எங்கள் கோவில்பட்டி வீட்டு அடுப்படியில் அண்ணியின் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எதனால என்று கேட்கிறாள், அண்ணியின் குரலில் கேட்கிறாள், நான் விழித்துக்கொள்கிறேன், ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் குழுவுக்கு எழுதினேன், கேட்கிற தாய்க்காவது சொல்லலாமே என்று, கூப்பிட்டார்கள், நீளமான மேசை, மறுமுனையில் ஒரு பெரியவர், தெரிந்தபின் அந்த வீட்டில் யார் யாரைக் குற்றம் சொல்வார்கள் என்று யோசித்தீர்களா என்று கேட்டார், தெரியாமலே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன், அப்போது அது நல்ல பதிலாகத்தான் தோன்றியது, குளிர்காலம் போய், வெயில் ஏறி, மழை தொடங்கியபின் அனுமதி வந்தது, கேட்டவர்களுக்கு மட்டும், நேரில் போய், பக்குவமாக, சிசோமோவின் சளியில் இருந்தது கக்குவான் இருமலின் கிருமி.

மழைக்காலம் முடியப்போகும் ஒரு மத்தியானம், நகரத்தின் ஓரத்தில் நெருக்கி நெருக்கிக் கட்டிய வீடுகள், சிவப்புச் சேறு, சிலேஷேயும் நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறோம், லாக்சன் வீட்டில்தான் இருந்தான், எங்களை அடையாளம் தெரிந்ததும் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான், தாவோங்கா வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள், மறுபடியும் பிள்ளை வருகிறது, என்ன பேசுவதென்று தெரியாமல் சிலேஷே, அந்தச் சமயத்தில் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்று பொதுவாகத்தான் அவனைக் கேட்டாள், எனக்கென்ன என்றான், அந்தக் குளிர் முழுக்க இருமித் தொலச்சேன், விலாவெல்லாம் நோவு, வண்டியில ஏறுறவன் இறங்குறவன் எல்லாம் இருமத்தான செய்யுதான், ஆனா ராத்திரி பிள்ள என் நெஞ்சுமேலதான் தூங்குவான், இவ விடியுமுன்ன சந்தைக்குப் போகணும்லா, அவ தூங்கட்டும்னு நான்தான் வச்சுக்கிடுவேன், சொல்லும்போது வலது கை தானாக நெஞ்சுக்குப் போய்த் தட்டிக்கொடுப்பதுபோல அசைந்தது, பிறகு வந்தவர்களுக்குக் குடிக்க எதுவும் இல்லையே என்று கடைக்குக் கிளம்பிப் போனான், சேற்றில் அவன் காலடிச் சத்தம் ஓய்ந்தது.

சொல்லுங்க, அதுக்குத்தான வந்தீங்க என்றாள் தாவோங்கா, சிலேஷே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு நோயின் பெயரைச் சொன்னாள், குளிரால் வருவதல்ல, சந்தைக்குத் தூக்கிப்போனதால் வருவதல்ல, பாலால் வருவதல்ல என்றாள், பச்சைப்பிள்ளைகள் சிலசமயம் இருமக்கூட மாட்டார்கள், மூச்சுதான் நின்றுபோகும் என்று நான் சேர்த்துச் சொன்னேன், தாவோங்காவின் கண்களில் நீர் வந்தது, தோள் இறங்கியது, அந்த ஒரு நிமிடம் நான் செய்தது சரி என்று நினைத்தேன், அப்ப எங்க இருந்து வந்துச்சு என்று அவள் கேட்டாள், நான் சிலேஷேயைப் பார்த்தேன், அவள் விடவில்லை, சொல்லுங்க டாக்டர் என்றாள், பெரியவங்க யாருக்காவது விடாத இருமல் இருந்திருக்கும், தனக்கு என்ன நோயென்று அவர்களுக்கே தெரியாது, பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருந்தால் அந்த மூச்சில் ஒட்டிக்கொள்ளும், யாரென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றேன், உறுதியாகச் சொல்ல முடியாதுதான், அவள் கதவைப் பார்த்தாள், அவன் எழுந்துபோன நாற்காலியைப் பார்த்தாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், இல்லை, அது சேலையில்லை, இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெங்கேத் துணி, எனக்குத்தான் எல்லாம் குழம்புகிறது, இதை அவர்கிட்டச் சொல்லாதீங்க என்றாள், நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க, அவர் கேக்கல, கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்.

அவன் ஆரஞ்சு பாட்டில்களோடு வந்தான், ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்தான், அவளுடைய கண்ணைப் பார்த்தான், என்ன சொன்னாங்க என்று கேட்டான், கக்குவானாம் என்றாள், இருமல் நோய், சந்தையில யாரோ இருமியிருக்காங்க, அங்கனதான் பிள்ளைக்கு வந்திருக்கும், சிலேஷேயின் கையிலிருந்த பாட்டில் அப்படியே நின்றது, இத்தனை மாதமாக எந்தப் பழியிலிருந்து வெளியே வரக் காத்திருந்தாளோ அதையே எடுத்து மறுபடி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள், நான் வாயைத் திறந்தேனா, திறந்திருப்பேன், அவள் என்னைப் பார்க்கவில்லை, பார்க்காமலே நிறுத்திவிட்டாள், லாக்சன் வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தான், சந்தையா, நான்தான் சொன்னேனே என்று தொடங்கப்போகிறான் என்று நினைத்தேன், அவனோ தரையைப் பார்த்தபடி, ஒருத்தன் இருமினதுக்கு நீ என்ன செய்வ என்றான், போகாம இருந்தா தக்காளி அழுகிப்போகும்லா, குளிருன்னுல்லா நான் நெனச்சேன், ஒன்னய எவ்வளவு பேசிட்டேன், அவன் அழுதது அப்போதுதான், பிணவறையில்கூட அழாதவன், அவள் எழுந்துபோய் அவன் பின்னால் நின்று தலையில் கை வைத்தாள், கையை எடுக்காமலே, இன்னொண்ணு, இந்தப் பிள்ள பிறந்து ரெண்டு ஊசி போடுறவரைக்கும் இருமுறவுக யாரும் தூக்கக்கூடாதாம், வண்டி ஓட்டுறவுக, கூட்டத்துல நிக்கிறவுக தூக்கவே கூடாதாம், பெத்த தகப்பனா இருந்தாலும், டாக்டர் சொல்லுதாங்க என்றாள், சந்தையும் கூட்டம்தான், அவன் அதைக் கேட்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தான், நிஜமாவே நீங்களா சொன்னீங்க, உங்க ஊர்ல தகப்பன் பிள்ளையத் தூக்க மாட்டானா, உங்களுக்குப் பிள்ள இருக்கா டாக்டர், எனக்குப் பிள்ளை இல்லை, தாவோங்கா இப்போது என்னைப் பார்த்தாள், ஆமாம், நான்தான் சொன்னேன் என்றேன்.

அன்று மாலை அண்ணிக்குப் போன் செய்தேன், எதனால என்று அண்ணி என்னைக் கேட்டதேயில்லை, அவள் பிள்ளையின் மூக்கில் யாரும் குச்சி விட்டுப் பார்க்கவுமில்லை, மழை என்றேன், இங்கயும் மழைதான் என்றாள், மழை ஓய்ந்து மறுபடி குளிர் வந்தது, ஜூலையில் தாவோங்காவுக்குப் பெண் பிறந்தது, பார்க்கப் போன சிலேஷே வந்து சொன்னாள், லாக்சன் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வெளியே, குளிரில், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தபடி உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கிறானாம், அந்த இந்திய டாக்டருக்கு நெஞ்சில ஈரமே கிடையாது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறானாம், தாவோங்கா அதைக் கேட்டுக்கொண்டே தக்காளி பிரிப்பாளாம், இரண்டாவது ஊசி போட்டு வந்த அன்று அவள் நேராக அவனிடம் போய்ப் பிள்ளையை அவன் மடியில் வைத்தாளாம், அவன் எப்படிப் பிடிப்பதென்று மறந்துபோனவன்போல இரண்டு கைகளையும் விரித்தபடியே வெகுநேரம் இருந்தானாம், பிள்ளைதான் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்ததாம்.