கூடாரக்காரர் நட்ட கம்பு

"வெட்டாதீங்க!" என்று கத்திக்கொண்டு உஷாராணி வாசலுக்கு ஓடிவருவதற்குள் கூடாரக்காரர் பாராங் கத்தியால் இரண்டு போடு போட்டுவிட்டார். முருங்கைதானே, மடக்கென்று முறிந்து வேலியில் சாய்ந்தது.

"கூடாரத்துக்கு இடிக்குது ஆன்டி. உள்ள கேட்டேன், வெட்டிக்கோன்னாங்க லா," என்றார் அவர்.

சொன்னது நாத்தனார் சந்திரகலா. அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கம்பளிப்பூச்சி வருது, வாசலில் முருங்கை ஆகாது, வெட்டணும் வெட்டணும் என்று பத்து வருடமாக அந்தத் தாமான் குடியிருப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்தவளே உஷாராணிதான். புருஷன் ராதாகிருஷ்ணன் மசியவில்லை. "நான் இருக்கற வரைக்கும் யாரும் இதுல கை வைக்கக் கூடாது. என் இனிப்புநீர் வியாதிக்கு இந்தக் கீரைதான் மருந்து."

"சரி, நீங்க போன மறுநாளே வெட்டுறேன்," என்று போன வாரம்தான் கோபத்தில் சொல்லித் தொலைத்திருந்தாள்.

மறுநாள்கூட ஆகவில்லை. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன மனுஷன் இன்னும் கூடத்தில் கிடக்கிறார். மரம் போய்விட்டது. "பாவி வாய், பாவி வாய்" என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டு அழுதாள். புருஷனை நினைத்து அழுகிறாள் என்று கிள்ளானிலிருந்து வந்த சொந்தமெல்லாம் கூடவே சேர்ந்து அழுதது.

கூடாரத்துக்கு ஒரு கால் குறைந்தது. வெட்டிய கிளையிலேயே ஒன்றைச் சீவி மண்ணில் அடித்துக் கயிற்றைக் கட்டினார்கள். எடுப்பு முடிந்து கூடாரம் போயிற்று. கம்பைப் பிடுங்க யாருக்கும் தோன்றவில்லை.

பதினாறாம் நாள் கருமாதிக்கு அதே கூடாரக்காரர் வந்தார். வந்தவர் லோரியை விட்டு இறங்கியதுமே கூப்பாடு போட்டார்.

"ஆன்டி, இங்க வந்து பாருங்க!"

கம்பின் தலையில் கொத்துக் கொத்தாகப் பச்சைத் துளிர். சந்திரகலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணனே வந்துட்டாரு அண்ணி!"

மகள் ஷாமினி பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். கம்பை லேசாக ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னும் வேரே விடலம்மா. இலை வெயில்ல செஞ்ச சீனியை மாவாக்கித் தண்டுக்குள்ள பதுக்கி வச்சிருக்கும். வெட்டிட்டா அந்த மாவைத் திரும்பச் சீனியாக்கி மொட்டுக்கு அனுப்பும். அதைத் தின்னுட்டுத்தான் துளிர் வருது. அந்த அடிக்கட்டையிலயும் துளிர் வெடிக்குது பாருங்க."

"அப்ப நான் அதைக் கொல்லலியா?" பதினாறு நாளாக உஷாராணி உள்ளே பூட்டி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"இல்லவே இல்லம்மா."

அடிக்கட்டையைக் காட்டக் குனிந்த ஷாமினி, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த பூத்தொட்டியை நகர்த்தினாள். அடியில் ஒரு மைலோ டின். திறந்தால், குலா மலாக்கா! கருகருவென்று ஐந்து வெல்லக்கட்டி, ஒன்றில் பல் பதிந்த தடம்.

உஷாராணி டின்னைப் பிடுங்கிப் பார்த்தாள். புருஷன் ஒளித்த இனிப்பைத் தேடி அலமாரி, சப்பாத்துப் பெட்டி, கார் சீட்டுக்கு அடி என்று அவள் சோதனை போடாத இடமில்லை. கள்ளன் பெரியவனா, காப்பான் பெரியவனா? சாயங்காலமானால் "மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு வரேன்" என்று வாளியோடு போய் அரைமணி நேரம் நின்ற மனுஷன்!

"மருந்தாம் மருந்து! மரத்துக்கும் மனுஷனுக்கும் ஒரே புத்தி!"

சிரிக்க ஆரம்பித்தவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்குத்தான் அவள் புருஷனுக்காக அழுதாள்.

படையல் இலையின் நடுவில், சோற்றுக்குப் பக்கத்தில், அந்தக் கடித்த கட்டியை எடுத்து வைத்தாள்.

"அண்ணி, அண்ணனுக்கு இனிப்பு ஆகாதே," என்றாள் சந்திரகலா, பழக்க தோஷத்தில்.

"இனிமே என்ன சீனி ஏறப்போவுது? ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னாரு. இன்னிக்கு எல்லார் முன்னாலயும் சாப்புடட்டும்."

வாசலில் கூடாரக்காரர் கயிற்றைத் துளிர்விட்ட கம்பில் கட்டாமல் கேட்டில் கட்டினார். கொஞ்ச நேரத்தில் இலையை நோக்கி எறும்பு வரிசை ஒன்று வந்தது. பத்து வருடமாகச் சீனிக்குக் காவல் இருந்தவள், சற்றுத் தள்ளி உட்கார்ந்து அதற்கு வழிவிட்டாள்.